படகுக்காரனைக் காணவில்லை

நான் தப்பாக விளையாடினேன் என்று சொன்னீர்கள். அது பொய். தப்பு செய்தது நீங்கள். செய்துவிட்டுக் கதவையும் சாத்திக்கொண்டீர்கள்.

'நீங்கள்' என்றால் யார் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்து விற்றிருக்கிறார்கள். கார் ஓட்டுகிற விளையாட்டு இல்லை, ஓடி ஓடிச் சுடுகிற விளையாட்டும் இல்லை. நாம் ஒரு ஆளை உண்டாக்கி, அந்த ஆளாகவே ஒரு நாட்டுக்குள் இறங்கி, நடந்து, பேசி, சண்டை போட்டு, பசித்தால் தின்று, ஒரு பெரிய கதையை முடித்து வெளியே வர வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அவர்களுக்கு அந்த உதவியைச் செய்வதாக இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் ஏரலுக்குப் பக்கத்தில் வாழை போடுகிறவள். நாற்பதைத் தாண்டியாயிற்று. இந்த வயதில் என்ன விளையாட்டு என்று கேட்கிறவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கப் போகலாம். நாள் முழுக்க உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிற ஆண்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் என் தம்பியுடையது. அவனுக்குக் கப்பலில் வேலை, இன்ஜின் அறையில். பல மாதம் கடலில் இருப்பான், பிறகு லீவில் வருவான். வீட்டில் நானும் அம்மாவும்தான். லீவில் வந்தால் முதல் ஒரு வாரம் சொந்தக்காரர்களைப் பார்ப்பான், மீதி நாள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கிடப்பான். அடுத்த லீவில் அவனுக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் வேலை, குடித்தனமும் அங்கேதான். அதற்குப் பிறகு அவன் இங்கே வந்து அக்காவோடு உட்கார்ந்து விளையாடுவான் என்று நினைக்க எனக்கு ஒன்றும் கோட்டி பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கதையை இரண்டு பேரும் சேர்ந்து முடித்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இது தொடங்கியது மூன்று லீவுக்கு முன்னால். அவன் விளையாடிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாழைச் சருகு கிழித்துக்கொண்டிருந்தேன். அவன் ஆள் ஒரு மலையடிவாரத்தில் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எக்கா, இந்தச் சவத்துல வழியே காட்ட மாட்டுக்கானுவ. மத்ததுல எல்லாம் அம்பு போட்டுக் காட்டுவான்."

"வாய் இருக்குல்லா? யாருட்டயாவது கேளு."

"கேட்டேன். ஆடு மேய்க்கவன் ஒருத்தன், ஆத்த எடது கைப் பக்கமா வச்சிக்கிட்டே போன்னு சொன்னான். அப்படித்தான் போயிக்கிட்டு இருக்கேன்."

"நடுவுல பாலம் எதையும் தாண்டினியா?"

"ஒண்ணு தாண்டினேன்."

"மூதி, பாலத்தத் தாண்டின பொறவும் ஆத்த எடது கைல வச்சிக்கிட்டா வந்த ஊருக்குல்லா திரும்பிப் போவ!"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஆத்துல இந்தக் கர அந்தக் கர தெரியாதவன எப்படித்தான் கப்பல்ல சேத்தானுவளோ."

அவன் திரும்பிப் போய்ப் பாலத்தைத் தாண்டி, சரியான கரையில் நடந்தான். ஊர் வந்தது. அன்றைக்கு நான் சருகை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்த விளையாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் திட்டுவேன். இல்லாவிட்டால் என் கோபம் எதற்கு என்று புரியாது.

முதலில், அதில் இருக்கிற ஆட்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஆடு மேய்க்கிறவனிடம் நாம் ஒரு ஆட்டைத் திருடிவிட்டுப் போய் வழி கேட்டால், சிரித்துக்கொண்டே வேறு திசையைக் காட்டுவான். செத்துப்போன ஒருவனின் போர்வையைப் போட்டுக்கொண்டு அவன் அண்ணன் கடைக்குள் போனால், அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுப் போர்வையையே பார்ப்பான். சாமான் தர மாட்டான். மழை பெய்தால் ஆறு நிஜமாகவே ஏறும். நேற்று நடந்து தாண்டிய இடத்தில் இன்று இடுப்புவரை தண்ணீர் இருக்கும், இழுக்கும். தண்ணீரைப் படமாக வரைந்து வைக்கவில்லை. பள்ளம் பார்த்து ஓடுகிறது. கால்வாயில் மண்ணைப் போட்டால் நிற்கிறது, கரையை மீறினால் பக்கத்து வயலில் பாய்கிறது. இதைச் செய்தவர்கள் எவ்வளவு நாள் மண்டையை உடைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் எப்படிப் போகும் என்று எழுதுவது லேசான காரியம் இல்லை. எங்கள் ஊரில் பொதுப்பணித் துறைக்காரர்களுக்கே அது சில சமயம் பிடிபடுவதில்லை.

இன்னொன்று. அந்த நாட்டில் ஒரு பழைய துறைமுகம் வருகிறது. கடல் பின்வாங்கி, மண் மூடி, இப்போது அது மேய்ச்சல் காடு. கப்பல் கட்டுகிற கல்தூணில் ஆடு கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பிறந்தது கொற்கைக்குப் பக்கத்தில். துறைமுகமாக இருந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள், கடலைப் பார்க்க பஸ் ஏறித்தான் போக வேண்டும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எங்கூரு மாரில்லா இருக்கு. இவனுவ எப்ப வந்து பாத்தானுவ?"

"வரல எம்மா. அவனுவளா யோசிச்சிருக்கானுவ."

"அப்ப வெவரமானவனுவதான்."

விவரமானவர்கள்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

பெரிய கம்பெனிகள் செய்கிற விளையாட்டுகளையும் தம்பி காட்டியிருக்கிறான். எல்லாம் பளபளவென்று இருக்கும். எங்கே போக வேண்டும் என்று அம்பு காட்டும், யாரிடம் பேச வேண்டும் என்று தலைக்கு மேல் விளக்கு எரியும். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி கூட்டிப் போவார்கள். ஆற்றில் இறங்கினால் கால் நனையாது. ஒரு ஊரைக் கொளுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால் அங்கே ஒருவன் வணக்கம் சொல்வான். ஒரு வாரம் விளையாடினேன். இப்போது அதில் ஒரு முகமும் ஞாபகம் இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன். குறை என்ன ஒன்றா இரண்டா?

குதிரை சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும். தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம். பெரியவர் ஒருவர் ஆண் குரலில் பேச ஆரம்பித்துப் பாதியில் பெண் குரலில் முடிப்பார். சந்தையில் இருக்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம். அம்மா பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரு வயித்துப் பிள்ளையளா?" என்று கேட்டாள். வாள் சண்டை என்பது விளக்குமாற்றால் கொசு அடிக்கிற மாதிரி. நம் அடி எதன்மேல் விழுகிறது என்று நமக்கும் தெரியாது, கொசுவுக்கும் தெரியாது. பைக்குள் இருக்கிற ஒரு ரொட்டியை எடுத்துத் தின்பதற்குள் பசியில் ஆள் செத்துவிடும், அத்தனை பட்டன் அமுக்க வேண்டும். எழுத்து எறும்பு சைஸ். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். தம்பி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவான், அவ்வளவு கோபம் வரும்.

இதை எல்லாம் வைத்துத் தமிழில் ஒருத்தர் வீடியோ போட்டிருந்தார். குதிரை சுவரில் மாட்டியதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார். அரை மணி நேரம்கூட விளையாடியிருக்க மாட்டார். அந்த மண்மூடிய துறைமுகம்வரை அவர் நடந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. சுவரில் மாட்டிய குதிரை எவருக்கும் கண்ணில் படும். அதைச் சொல்ல ஒரு ஆள் தேவையா?

நான் குதிரையை மன்னித்தேன். குரலை, முகத்தை, கொசு சண்டையை எல்லாம் மன்னித்தேன். பத்துப் பேர் சேர்ந்து நூறு பேர் வேலையைச் செய்யப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். பெரிதாக ஆசைப்பட்டவன் கொஞ்சம் சறுக்கினால் எனக்குக் கோபம் வராது. ஒன்றுமே ஆசைப்படாதவன் வழுக்காமல் நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது?

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. அதைச் சொன்னால்தான் மீதி புரியும். மற்ற விளையாட்டுகளில் வேண்டிய இடத்தில் எல்லாம் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளலாம். தப்பு செய்தால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சரியாகச் செய்யலாம். இதில் முடியாது. ஒரு ஆளுக்கு ஒரே சேமிப்பு. அதுவாகவே சேமித்துக்கொண்டு போகும், பின்னால் போக வழி இல்லை. நடந்தது நடந்ததுதான். முதல் லீவில் ஒரு விதவையிடம் ஒரு பொய் சொன்னோம். அவள் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் வழியில் தங்க இடம் கொடுப்பாள் என்று தம்பிதான் சொல்ல வைத்தான். அடுத்த லீவில் அந்த ஊர் வழியாகப் போனபோது அவள் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். தட்டினோம். திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தம்பி, "அவ சரிதாம்க்கா" என்றான். திரும்பிப் போய் மாற்ற முடிந்திருந்தால் அந்தக் கதவுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. அந்த விதியை நான் மதித்தேன்.

எங்களுக்குள்ளும் ஒரு விதி வைத்திருந்தோம். அவன் கப்பலில் இருக்கும்போது நான் கதையை நகர்த்தக் கூடாது. சும்மா சுற்றலாம், மீன் பிடிக்கலாம், சந்தையில் விலை கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். தண்ணீர் பாய்ச்சி முடித்து வந்து மத்தியானம் கொஞ்ச நேரம் அந்த ஆற்றங்கரையில் நடப்பேன். அவன் ஏதாவது துறைமுகத்தில் நெட் கிடைத்தால் கேட்பான்: "எக்கா, மேலூரு படகுக்காரன் என்ன செய்யுதான்?" நான், "வல காய வச்சிக்கிட்டு நிக்கான்" என்பேன். அப்படி மூன்று லீவு.

அந்தப் படகுக்காரன் முக்கியம். மேலூர் என்கிற ஆற்றோர ஊர்க்காரன். கடைசியில் புதுத் துறைமுகத்துக்குப் போக வேண்டும், அங்கேதான் கதை முடிகிறது. அங்கே போக அவன் படகைத் தவிர வேறு வழி இல்லை.

மூன்றாவது லீவில் பஞ்சம் வந்தது. ஒரே கால்வாயில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஊர். ஆற்றில் தண்ணீர் குறைவு. மேலூர்ப் பெரிய வீட்டுக்காரன் தன் வயலுக்குப் பாய்கிற மடையைத் திறந்தே வைத்திருக்கிறான், கீழூருக்குச் சொட்டுப் போகவில்லை. கீழூர் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டு நமக்கு மூன்று வழி காட்டுகிறது. வெடிமருந்து வைத்து மேல் மடையை உடைக்கலாம். பெரிய வீட்டுக்காரன் பக்கம் சேர்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் அவனுக்குக் கையூட்டு கொடுக்கலாம்.

"ஒடச்சிருவோம்க்கா. மருந்து நம்மட்ட இருக்கு."

"ஒடச்சா நாளைக்கு யாருக்குலே தண்ணி? எல்லாம் மேலூருக்குள்ளதான் பாயும், கீழூருக்கு அப்பவும் வராது."

"பொறவு என்ன செய்ய?"

"நம்ம கால்வாய்ல தண்ணி கொறஞ்சா என்ன செய்வோம்?"

அவன் என்னைப் பார்த்தான். சிரித்தான். "எக்கா, இதுல அது நடக்காது."

"தண்ணி ஓடுதுல்லா? நடக்கும்."

எங்கள் நிலம் கால்வாயின் கடைசியில் இருக்கிறது. கடைமடை என்று சொல்வார்கள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் எங்கள் கால்வாயில் ஒரு வழக்கம் உண்டு: முதல் தண்ணீர் கடைசி வயலுக்கு. மேலே இருந்து ஒவ்வொரு மடையாக அடைத்துக்கொண்டே கீழே வருவோம். அடைத்த மடையில் ஒரு ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் யாராவது பைய வந்து திறந்துவிடுவான். கடைசி வயல் நனைந்ததும் கீழே இருந்து மேலே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போவோம். மேலே இருக்கிறவன் வாய்க்காலின் தலைப்பக்கத்தில் இருக்கிறான், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் இருக்கிறவனுக்கு அந்த ஒரு நேரம்தான். அப்பா இருந்தபோது நானும் தம்பியும் ஆளுக்கொரு மடையில் நின்றிருக்கிறோம். நின்றுகொண்டே தூங்கி அவன் ஒருதடவை வாய்க்காலில் விழுந்தான்.

அதைத்தான் விளையாட்டில் செய்தோம். எங்கள் ஆளோடு இரண்டு கூட்டாளிகள் உண்டு. இங்கேயே நில் என்று சொன்னால் நிற்பார்கள். காவல்காரர்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து மேல் மடையை அடைத்தோம், ஒரு கூட்டாளியை நிறுத்தினோம். நடு மடையை அடைத்தோம், இன்னொருவனை நிறுத்தினோம். பிறகு கால்வாயோடு நடந்தோம்.

தண்ணீர் எங்களுக்கு முன்னால் போனது. வெடித்துக் கிடந்த மண்ணில் முதலில் நிறம் மாறியது, பிறகு பள்ளங்களில் நின்றது, பிறகு ஓடியது. சருகைத் தள்ளிக்கொண்டு ஓடியது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். "எம்மா, இங்கன வாயேன்!"

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "தண்ணி வந்துட்டா?" என்று கேட்டாள். நிஜத் தண்ணீரைக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

கீழூரில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லாரும் அதே ஒரு முகம்தான். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு காட்சியை யாரும் எழுதி வைக்கவில்லை என்று தம்பி சொன்னான். பக்கத்தில் தண்ணீர் வந்தால் அந்த ஆட்கள் குடம் எடுப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மீதியை நாங்கள் செய்தோம். எந்தப் பெரிய கம்பெனி விளையாட்டிலும் அப்படி ஒன்று எனக்கு நடந்ததில்லை. கீழூர் நனைந்ததும் நடு மடையைத் திறந்தோம், மேல் மடையைத் திறந்தோம். மூன்று ஊருக்கும் தண்ணீர். ஒருத்தனும் சாகவில்லை. தம்பி நாற்காலியில் சாய்ந்து, "அப்பா இருந்திருந்தா, மேல் மடைல யாருலே நின்னதுன்னு கேட்டிருப்பாரு" என்றான்.

பிறகு படகுக்காரனைத் தேடி மேலூருக்குப் போனோம்.

ஊர் காலி. வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது, வயல் பச்சையாக இருக்கிறது, ஒரு மனிதன் இல்லை. வலை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. கீழூருக்குத் திரும்பி வந்து ஒரு பெண்ணிடம் கேட்டால், "மேலூர் வறண்டுவிட்டது. எல்லாரும் போய்விட்டார்கள்" என்கிறாள். அவள் காலடியில் தண்ணீர் ஓடுகிறது.

இரண்டு நாள் தேடினோம். ஆறு முழுக்க, மலை முழுக்க. தம்பி பிறகு விளையாட்டின் உள்ளே இருக்கிற கோப்புகளைத் திறந்து நோண்டினான். படிக்க முடிந்தது, மாற்ற முடியவில்லை. படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மேல் மட அடச்சிருக்குன்னா மேலூரு செத்துட்டுன்னு எழுதி வச்சிருக்கான்க்கா."

"தெறந்துட்டமே."

"தெறந்தத அவன் பாக்கல. ஒருக்க அடச்சா அடச்சதுதான். தண்ணி ஓடுதா இல்லியான்னுகூடப் பாக்க மாட்டுக்கான், மடையத்தான் பாக்கான்."

புரிகிறதா? தண்ணீரைச் செய்தவர் ஒருவர், ஊரைச் செய்தவர் வேறொருவர். தண்ணீரைச் செய்தவர் அற்புதமாகச் செய்திருக்கிறார். ஊரைச் செய்தவர் வந்து அந்தத் தண்ணீரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மடையை அடைக்கிறவன் ஊரைக் கொல்லத்தான் அடைப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு காலைப் பொழுதுக்கு அடைத்துவிட்டு மறுபடி திறப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வாழ்க்கையில் கால்வாயைப் பார்த்திருக்க மாட்டார். பரவாயில்லை, எல்லாரும் எல்லாம் பார்த்திருக்க முடியாது. ஆனால் பின்னால் போக முடியாது என்று விதி வைத்தவர்கள், வழியில் இப்படி ஒரு குழியை மூடாமல் விட்டது எப்படி? நாங்கள் சொன்ன பொய்க்கு விதவை கதவைச் சாத்தினால் தலை குனிந்து போவோம். நாங்கள் செய்யாத கொலைக்கு எதற்கு ஊரைக் காலி செய்ய வேண்டும்?

அந்த விளையாட்டுக்காரர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் அங்கே கேள்வி கேட்கலாம். தம்பி ஆங்கிலத்தில் எழுதினான். நான் சொல்லச் சொல்ல எழுதினான், கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவிட்டான். எழுதிய மறுநாளே, வேறு ஏதோ நெல் விளைகிற நாட்டுக்காரர் ஒருவர் அடியில் எழுதினார்: எங்கள் ஊரிலும் முதல் தண்ணீர் கடைசி வயலுக்குத்தான், நானும் அப்படித்தான் செய்தேன், எனக்கும் படகுக்காரன் போய்விட்டான். படித்ததும் எனக்கு அந்த முகம் தெரியாத மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரைத் தொடர்ந்து இன்னொருவர், அவரும் ஆற்றுப் பாசனக்காரர். நான் மட்டும் இல்லை என்று ஆயிற்று. மடை அடைக்கத் தெரிந்தவர்களை மட்டும் தேடிப் பிடித்துத் தண்டிக்கிற விளையாட்டு.

பதில் வந்தது. விளையாடியவர் மடைகளை நாங்கள் நினைக்காத வரிசையில் இயக்கியிருக்கிறார், இது தவறான ஆட்டமுறை, புதிதாகத் தொடங்கவும். அவ்வளவுதான். எழுதிவிட்டு அந்த உரையாடலைப் பூட்டிவிட்டார்கள். இனி யாரும் அதில் எழுத முடியாது.

அவர்களுக்கு வக்காலத்து வாங்க ஒரு கூட்டம் வேறு. பக்கத்து உரையாடலில் எழுதுகிறார்கள்: சின்னக் குழு, பாவம், கரடுமுரடுதான் இதன் அழகு, பிடிக்காவிட்டால் பளபளப்பானதை விளையாடு. இவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் கோபம். எதை எடுத்தாலும் அழகு என்றால் எதற்குத்தான் பதில் சொல்வார்கள்? நானும் சின்னக் குழுதான். நானும் அம்மாவும் கூலிக்கு வருகிற இரண்டு பெண்களும். தாரில் ஒரு சீப்பு அழுகியிருந்தால் ஏரலில் தார் வாங்குகிற அண்ணாச்சி கடை வாசலிலேயே தூக்கிக் காட்டி நாலு பேர் முன்னால் கேட்பார். சின்னத் தோட்டக்காரி, பாவம் என்று எந்தக் கடைக்காரரும் அழுகலை வாங்கிக்கொண்டதில்லை. நானும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த தார் இறக்குவேன். நீ தப்பாகத் தின்றாய் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி லீவு முடிந்து கிளம்பினான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை ஒருதடவை பார்த்தான்.

"அடுத்த லீவுக்குள்ள சரி பண்ணிருவானுவ. விடு."

"பண்ணலன்னா?"

"மொதல்லேருந்து ஆடுவோம்."

"மூணு லீவுலே. கல்யாணத்துக்கு முன்னால ஒனக்கு மூணு லீவு எங்கன இருக்கு?"

அவன் பையை மறு தோளுக்கு மாற்றினான். அம்மாதான் சொன்னாள்: "அந்தப் படகுக்காரன் எங்கயும் போயிருக்க மாட்டான். வலயப் போட்டுட்டு எவனும் ஊரவிட்டுப் போவானா?"

எங்கள் வீட்டில் இந்த விளையாட்டைப் புரிந்துகொண்டவள் அம்மாதான். செய்தவர்களைவிட நன்றாகவே புரிந்திருக்கிறது.

அவன் போன பிறகு இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, அவர்கள் இரண்டாம் பாகம் அறிவித்தார்கள். விளம்பரப் படத்தில் ஆறு ஓடுகிறது. உயிருள்ள ஆறு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் ஆற்றில் ஒரு ஊரைத் தொலைத்துவிட்டு இரண்டாவது ஆற்றுக்கு உயிர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு, தம்பிக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம், இரண்டாம் பாகத்தின் ஒரு பிரதியை இலவசமாகத் தருகிறோம், இந்த விஷயத்தை மேற்கொண்டு பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தம்பி ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அதை எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "எக்கா, என்ன செய்ய?"

வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். பொதுவில் என்னைத் தப்பு செய்தவள் ஆக்கிவிட்டு, காதுக்குள் வந்து வருந்துகிறேன் என்றால் யாருக்கு வேண்டும்? எனக்காவது ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த நெல் நாட்டுக்காரருக்கு? அவருக்குப் பிறகு எழுதியவருக்கு? எழுதத் தெரியாமல், நாம்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று விளையாட்டை மூடிவைத்துவிட்டுப் போனவர்களுக்கு?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. குதிரையைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும், பழகிவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் வேறு வேறு முகம் வரையச் சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, மேலூர் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிறதென்றால் ஊர் இருக்கிறது. அதைத் திருத்தி எழுத உங்களுக்கு எத்தனை வரி ஆகும்? தம்பி படித்துப் பார்த்துவிட்டு, அதிகம் ஆகாது என்றுதான் சொன்னான்.

இன்றைக்கும் மத்தியானம் போய்ப் பார்த்தேன். மேலூரில் பயிர் கதிர் முற்றி நிற்கிறது. அறுக்க ஆள் இல்லை. வலை அதே இடத்தில் காய்கிறது.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் புரியாது. தம்பி அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் ஆங்கிலத்தில் மாற்றி, நீங்கள் வைத்திருக்கிற எல்லாப் பக்கத்திலும் போடுவான். இரண்டாம் பாகத்து விளம்பரத்துக்கு அடியிலும் போடுவான். தனியாக மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், நான் திறக்க மாட்டேன். நீங்கள் பூட்டிய அந்த உரையாடலைத் திறந்து, என்னைத் தப்பு என்று எழுதிய அதே வரிக்குக் கீழே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: தப்பு யாருடையது? என் தம்பி கல்யாணத்துக்கு வருவதற்குள் அந்தப் படகுக்காரனை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா?